மாமாவின் நூலகம், என் லேப்டாப்

அத்தியாயம் பதினான்கு

இதுவரை நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், கோபம் ஆறுவதற்குள்.

நான் சத்யப்பிரியா. ஊர் மேல்பட்டாம்பாக்கம். கரும்பு லோடு ஏற்றும் பழனிவேலின் மகள். எங்கள் வகையறாவில் முதன்முதலில் டிகிரி வாங்கியவள். முதல் பட்டதாரி என்று தாலுக்கா ஆபீஸில் கொடுத்த சான்றிதழை அப்பா பிளாஸ்டிக் உறை போட்டு சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். படித்தது நூலகவியல். படிப்பு முடிந்த கையோடு சிதம்பரம் கனகசபை நகரில், ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர் சுப்பராயலு வீட்டுக்கு மருமகளாக அனுப்பிவிட்டார்கள். வேலைக்குப் போகிறேன் என்று நான் கேட்ட அன்று, மாமா தன் புத்தக அறையைத் திறந்து காட்டினார். "வெளிய எதுக்கும்மா வேல தேடற? உன் படிப்புக்கான வேல உள்ளயே கெடக்குது" என்றார்.

ஒன்றரை வருஷம் அந்த வேலையைத்தான் செய்தேன். அவருடைய புத்தகம், கேசட், சிடி எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். கடலூரில் ஒரு தனியார் கல்லூரி, அவர் பெயரில் நூலகப் பிரிவு திறக்கச் சம்மதித்தது. கேட்லாகோடு வந்தால்தான் வாங்கிக்கொள்வோம் என்றார்கள். அதைப் பார்த்துக்கொள்ள வீட்டு ஆள் ஒருவருக்கு நூலகர் வேலையும் தருவதாகச் சொன்னார்கள். போன வாரம் ராத்திரி சாப்பாட்டின்போது மாமா எல்லோர் முன்னாலும், "நம்ம வீட்டு ஆளுதான் அந்தச் சேர்ல உக்காரப் போவுது" என்று சொல்லி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் அப்போது அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அதனால்தான் என்னைப் பார்த்தார் என்பது இப்போது புரிகிறது.

விழா அன்று காலை புத்தக அறை மொட்டையாக இருந்தது. பெட்டிகள் எல்லாம் முந்தின நாளே லாரியில் கடலூர் போய்விட்டன. புத்தகம் இருந்த இடம் மட்டும் ஷெல்ஃபில் வெளுத்துத் தெரிந்தது. பாச்சை உருண்டை நெடி அப்படியே இருந்தது.

நான் தரையில் உட்கார்ந்து, லேப்டாப்பைச் சுவரில் செருகி, கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன். செருகாவிட்டால் அது எரியாது. ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். பேட்டரி செத்து வருஷக்கணக்காகிறது.

வீட்டில் நல்ல லேப்டாப் ஒன்று இருக்கத்தான் இருந்தது. நாத்தனார் சுவேதாவுடையது. வேலை ஆரம்பித்தபோது அதைக் கேட்டேன். பழைய புத்தகத் தூசி போய்க் கெட்டுவிடும் என்றார் அத்தை ரத்தினம்மாள். "உன்னுது ஒண்ணு எலவசத்துல வந்தது கெடக்குதே, அதுல பண்ணு" என்றார். அப்படித்தான் ஒரு பேராசிரியர் ஆயுள் முழுக்கச் சேர்த்த புத்தகமெல்லாம் என் இலவச லேப்டாப்புக்குள் வந்து சேர்ந்தது.

சும்மா வந்து சேரவில்லை. பின்னட்டையில் பார்கோடு இருந்தால் போனைக் காட்டினால் போதும். பெயர், ஆசிரியர், பதிப்பகம், அட்டைப்படம் எல்லாம் தானாக வந்து உட்காரும். மாமாவின் புத்தகங்களில் முக்கால்வாசி பார்கோடு பிறப்பதற்கு முந்தியவை. அதையெல்லாம் கையால் அடித்தேன். அட்டையை மொட்டை மாடிக்கு எடுத்துப் போய் வெயிலில் வைத்துப் படம் பிடித்தேன். கேட்லாக் போடும் மென்பொருளுக்கு நம் பெயர் புரியாது. கடைசிப் பெயர் என்ன என்று கேட்கும். நம்மிடம் ஏது கடைசிப் பெயர்? இனிஷியலைப் பிடித்துக்கொண்டு, முன்னப்பின்ன தெரியாத எழுத்தாளர்களையெல்லாம் ஒரே குடும்பமாக்கி வைத்தது. ஒவ்வொருவராகப் பிரித்தெடுத்தேன். மதியம் பாத்திரம் கழுவி முடித்ததிலிருந்து விளக்கு வைக்கும் வரை இதுதான். தும்மித் தும்மி மூக்கு தோல் உரிந்தது.

கேசட் வேறு. லேபிள் உதிர்ந்துபோன கேசட்டில் என்ன இருக்கிறது என்று எழுத வேண்டுமானால் முழுசாகக் கேட்டே ஆகவேண்டும். எல்லாம் மாமா பேசிய கூட்டங்கள். ஒன்றரை வருஷம் மாமாவின் மேடைக் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சொந்தப் பிள்ளைகள்கூட அவரை அவ்வளவு கேட்டிருக்க மாட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு காப்பி எடுத்துப் பென் டிரைவில் போட்டு என் புருஷன் ஸ்ரீதரிடம் கொடுப்பேன். எதையும் ஒரே இடத்தில் வைக்கக் கூடாது என்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அவர் அதை பைக் சாவியோடு கோத்து வைத்திருப்பார்.

சுவேதா குளித்துத் தலை துவட்டியபடி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல பெண். எம்.ஏ. இங்கிலீஷ் முடித்திருக்கிறாள். ஸ்கிரீனை எட்டிப் பார்த்தாள்.

"அண்ணி, புதுசா ஒரு புக்கு வந்தா இதுல எப்பிடி சேக்கறது? ஒரு வாட்டி காட்டுங்களேன்."

உனக்கெதற்கு என்று கேட்டேன்.

அவள் துவட்டுவதை நிறுத்தினாள். "அப்பா உங்ககிட்ட சொல்லலையா?"

பிறகு தானே சொன்னாள். திங்கட்கிழமையிலிருந்து கல்லூரிக்கு அவள் போக வேண்டுமாம். தாளாளரிடம் பேசி முடித்தாயிற்றாம். நூலகவியலைத் தபாலில் சேர்ந்து படித்துக்கொள்ளலாமாம். அதுவரை சந்தேகம் வந்தால் அண்ணியைக் கேட்டுக்கொள் என்றாராம் அப்பா.

"நான் கேக்கல அண்ணி. சத்தியமா நான் கேக்கல."

கேட்காமலே கிடைக்கிறது சிலருக்கு. இதை நான் அவளிடம் சொல்லவில்லை. புதுப் புத்தகத்தை எப்படிச் சேர்ப்பது என்று காட்டிக் கொடுத்தேன். கை அதுவாகக் காட்டியது. அது எனக்கே ஆத்திரமாக இருந்தது.

மாமா கூடத்தில் ஜிப்பா போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றார். அத்தை அவர் தோளில் பவுடர் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஸ்ரீதர் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தார். நான் நேரே போய்க் கேட்டேன். வேலை எனக்கில்லையா மாமா என்று.

அவர் கோபப்படவில்லை. மாமாவுக்குக் கோபம் வராது, விளக்கம்தான் வரும். சுவேதாவுக்கு விருத்தாசலத்தில் ஒரு வரன் வந்திருக்கிறது, வேலையில் இருக்கிற பெண்தான் வேண்டும் என்கிறார்கள், காலேஜ் நூலகர் என்றால் சொல்லிக்கொள்ள நன்றாக இருக்கும் என்று நிதானமாக, வகுப்பில் சொல்வதுபோல் சொன்னார்.

"உனக்குத்தான் கல்யாணம் ஆயிடுச்சேம்மா. உனக்கு இனிமே எதுக்கு?"

படித்தது நான் மாமா, என்றேன்.

"யாரு இல்லன்னாங்க? நீ வூட்டுல இருந்தே அவளுக்குச் சொல்லிக் குடு. ரெண்டு பேரும் சேந்து பண்ணுங்க. பேரு யாருதா இருந்தா என்னா, நம்ம வூட்டு வேலதான அது."

அத்தை, நல்ல நாளும் அதுவுமாக முகத்தைத் தொங்கப்போடாதே, பட்டுப்புடவை கட்டு என்றார். ஸ்ரீதர் லேஸைக் கட்டிக்கொண்டே இருந்தார். ஒரு ஷூவுக்கு அத்தனை நேரம் ஆகாது.

அந்த நாற்காலி எனக்கு என்னவென்று இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்பா பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம், என் பொண்ணு காலேஜ் லைப்ரரிக்கு வேலைக்குப் போறா என்று சொல்லிவிட்டார். நான்தான் போன வாரம் போனில் சொன்னேன். படித்து முடித்து இத்தனை காலம் வீட்டில் இருந்தவளை இனி எந்தக் கல்லூரி கூப்பிடும்? இதை விட்டால் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சான்றிதழுக்கு அர்த்தமே இல்லை.

காரில் கிளம்பினோம். ஸ்ரீதர் ஓட்டினார். மாமா முன்சீட்டில். அத்தையும் சுவேதாவும் நானும் பின்னால். லேப்டாப் பை என் மடியில்.

மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் ஹாரன் அவருடையது. எதிரே ஆடு வந்தாலும் ஷேர் ஆட்டோ வந்தாலும், ஸ்ரீதர் அடிக்கும் வரை பொறுக்க மாட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி ஸ்டியரிங்கின் நடுவில் கையை வைத்து அழுத்துவார். ஸ்ரீதர் முழங்கையை ஒதுக்கி இடம் கொடுப்பார். கல்யாணமான புதிதில் எனக்கு இது சிரிப்பாக இருந்தது.

பி.முட்லூர் தாண்டியதும் மாமா ஏற்புரையை ஒத்திகை பார்க்க ஆரம்பித்தார். தன் நூல்கள் ஒவ்வொன்றும் தன் பிள்ளைகள் என்றார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்தப் பிள்ளைகள் சிலவற்றின் முதல் பக்கத்தில் வேறு அப்பன் பெயர் இருக்கும். பேச்சுப்போட்டியில் முதல் பரிசு என்று எழுதி, பையன் பெயர், வகுப்பு, பள்ளி முத்திரை. மாமாவிடம் படித்த மாணவர்களுடைய புத்தகங்கள். பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்குவார். எந்த மாணவன் பேராசிரியரிடம் திருப்பிக் கேட்பான்? நான் படித்த முறைப்படி அந்தப் பெயர்களையும் பிரதிக் குறிப்பு என்ற கட்டத்தில் அடித்து வைத்தேன். அது தேவையில்லை என்றார் மாமா. ஒளிக்கவெல்லாம் இல்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "அவன்கிட்ட இருந்திருந்தா எடைக்குப் போயிருக்கும். என்கிட்ட இருந்ததால பத்திரமா இருக்குது." எடுத்துக்கொண்டதாக அவர் நினைக்கவே இல்லை. காப்பாற்றியதாகத்தான் நினைத்தார்.

ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் நின்றபோது எனக்கு அந்தக் கேசட் ஞாபகம் வந்தது.

ஸ்ரீமுஷ்ணம் திருவிழாவில் மாமா நடுவராக இருந்த பட்டிமன்றம். படித்த மருமகள் வீட்டுக்கு வரமா, பாரமா. ஸ்ரீதர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். தீர்ப்பில் மாமா ஒன்று சொல்கிறார். முதல் தடவை கேட்டபோது கண்ணில் தண்ணீர் வந்து, ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, நல்ல வீட்டுக்குத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

மாமாவுக்கு மாமாவின் குரலையே போட்டுக் காட்டுவது என்று முடிவு பண்ணினேன். ஊர் முன்னால் சொன்னதை ஊர் முன்னால் கேட்டால் அவருக்கு உறைக்கும். மேடையில் சுவேதா பெயரை அறிவிப்பதற்கு முன் ஒரு நிமிஷமாவது யோசிப்பார். அவ்வளவுதான் நான் எதிர்பார்த்தது.

கல்லூரி மஞ்சக்குப்பத்தைத் தாண்டி. வாசலில் வாழைமரம், பிளெக்ஸ். பிளெக்ஸில் மாமா, தாளாளர், மேலே ஒரு கட்சிக்காரர். அரங்கத்தின் ஒரு பக்கம் பெட்டிகள் சுவர் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. ஒவ்வொன்றின் மேலும் நான் ஒட்டிய எண். உள்ளே எந்தப் புத்தகம் என்று பெட்டியைப் பார்த்தால் தெரியாது. லேப்டாப்பைக் கேட்டால்தான் சொல்லும்.

மேடையில் பிளக் பாயிண்ட் வேலை செய்யவில்லை. கீழே, சுவரோரம் ஒன்று இருந்தது. அதனால் எனக்கு ஒரு பிளாஸ்டிக் சேரும் ஸ்டூலும் அங்கே போட்டார்கள். மாமா, அத்தை, சுவேதா, ஸ்ரீதர் எல்லோரும் மேடையில். என் ஒயர் அவ்வளவு தூரம் எட்டாது.

தாளாளர் இளவரசு பேசிவிட்டு, மருமகள் இந்தக் கேட்லாக் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுவார் என்றார். புரொஜக்டரில் மாட்டியிருந்தார்கள். நான் உழவு என்று அடித்தேன். திரையில் புத்தகங்கள் வரிசையாக வந்தன, அட்டைப்படத்தோடு, எந்தப் பெட்டி, எத்தனையாவது என்ற எண்ணோடு. மாணவர்கள் கை தட்டினார்கள். ஒரு நிமிஷம் எனக்கு எல்லாம் மறந்துபோனது. என் வேலை சுவர் அகலத்துக்குத் தெரிந்தது.

அப்புறம் மருமகள் என்று அடித்தேன். கேசட்டுகள் வந்தன. ஸ்ரீமுஷ்ணத்தை அழுத்தினேன். எங்கிருந்து ஓட வேண்டும் என்று தாளாளர் பேசும்போதே குறித்து வைத்திருந்தேன்.

அரங்கம் முழுக்க மாமாவின் பழைய குரல். இளமையாக, கணீரென்று.

"நாளைக்கு என் வீட்டுக்கும் ஒரு மருமகள் வருவாள். படித்தவளாக வருவாள். அவளை வேலைக்கு அனுப்பாமல் நான் அடுப்படியில் நிறுத்தினால், என் வீட்டில் இருக்கிற அத்தனை புத்தகமும் வெறும் காகிதம் என்று நீங்களே வந்து எடைக்குப் போடுங்கள்."

கேசட்டில் விசில். கைத்தட்டல். அது முடிவதற்குள் இங்கே அரங்கத்தில் கைத்தட்டல். இரண்டும் கலந்துவிட்டது. நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன்.

அவர் அழுதுகொண்டிருந்தார். பெருமையில்.

எழுந்து வந்து மைக்கைப் பிடித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். அன்றைக்குச் சொன்னேன், அந்த மருமகள்தான் அதோ உட்கார்ந்திருக்கிறாள் என்று என்னைக் கை காட்டினார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவளை அடுப்படியில் நிற்க விட்டதில்லை, என் புத்தகங்களுக்கு நடுவில்தான் உட்காரவைத்தேன் என்றார். மறுபடியும் கைத்தட்டல். அத்தைகூடத் தட்டினார். அன்று காலை இட்லிக்குச் சட்னி அரைத்தது நான்.

அதே மூச்சில், இந்த நூலகத்தை இனி என் மகள் சுவேதா கவனித்துக்கொள்வாள் என்று அறிவித்தார். தாளாளர் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார். சுவேதா என்னைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள். ஸ்ரீதர் தன் போனைப் பார்த்தார்.

உறைக்கும் என்று நினைத்தேனே, அதுதான் என் முட்டாள்தனம். மேடையில் சொன்னதை மாமா ஏற்கனவே செய்து முடித்துவிட்டதாக நம்பிக்கொண்டிருக்கிறார். சொன்னதே செய்ததுதான் அவருக்கு.

விழா முடிந்து எல்லோரும் காபிக்கு எழுந்தார்கள். கல்லூரியில் கம்ப்யூட்டர் பார்க்கிறவர் வந்து, இப்போது காப்பி எடுக்க நேரமில்லை, லேப்டாப் அப்படியே இருக்கட்டும், திங்கட்கிழமை பார்த்துக்கொள்கிறோம் என்றார். என்னிடம் சொல்லவில்லை. மாமாவிடம் சொன்னார்.

மாமா தாராளமாகத் தலையாட்டினார். "இருக்கட்டும் இருக்கட்டும். பழசுதான் அது. இங்கயே வெச்சிக்குங்க."

நான் எழுந்து, இதை நான் எடுத்துக்கொண்டு போகிறேன் என்றேன்.

அவருக்கு முதலில் புரியவில்லை. "எதுக்கும்மா? அதுல இருக்கறதெல்லாம் காலேஜிக்குக் குடுத்தாச்சே."

"புத்தகம் உங்களுது மாமா, குடுத்துட்டீங்க. இது என்னுது. என்ன யாரும் கேக்கல."

தாளாளர் காபி டம்ளரோடு நின்றார். மாமா குரலைத் தணித்தார். முகத்தில் சிரிப்பு மாறவில்லை. "எலவசமா வந்த ஒண்ணுக்கு நாலு பேரு முன்னால இவ்ளோ பேச்சா? ஸ்ரீதர் உனக்கு இதவிட ஒசத்தியா வாங்கித் தருவான்."

"நான் ஒன்றர வருஷம் எலவசமாத்தான் வேல செஞ்சேன். அப்ப யாரும் பேசலியே."

அத்தை என் கையைப் பிடித்தார். நான் குனிந்து பிளக்கைப் பிடுங்கினேன்.

சுவரில் அதுவரை மாமாவின் கேசட் அட்டை பெரிதாகத் தெரிந்துகொண்டிருந்தது. படக்கென்று போய்விட்டது. வெறும் நீல வெளிச்சம் மட்டும் நின்றது. கல்லூரிக்காரர் ஐயோ மேடம், ஷட் டவுன் பண்ணிட்டு எடுங்க என்றார். நான் ஒயரைச் சுற்றிப் பையில் வைத்தேன். சுற்று கலையாமல்தான் சுற்றினேன்.

வாசலில் ஷேர் ஆட்டோ கிடைத்தது. பட்டுப்புடவையோடு, மூன்று மீன்காரப் பெண்களுக்கு நடுவில் நசுங்கி உட்கார்ந்தேன். கல்யாணத்துக்கா போற பாப்பா என்று ஒருத்தி கேட்டாள். வேலையிலிருந்து வருகிறேன் என்றேன்.

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் பண்ருட்டி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. நெல்லிக்குப்பம், மேல்பட்டாம்பாக்கம் வழி. ஜன்னலோர சீட் கிடைத்தது. அப்பாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். அப்பா வீட்டில் பிளக் பாயிண்ட் ஒன்றுதான். அதில் டிவி மாட்டியிருக்கும். அதைக் கழற்றச் சொல்லித்தான் என் லேப்டாப்பை மாட்டவேண்டும். ப்ளஸ் டூவில் அப்படித்தான் படித்தேன். அப்பா ஒரு வார்த்தை சொல்லாமல் கழற்றுவார்.

ஜன்னலுக்குக் கீழே யாரோ கம்பியைத் தட்டினார்கள். ஸ்ரீதர். மூச்சு வாங்கிக்கொண்டு, சட்டை நனைந்து.

"எறங்கு சத்யா. கார் வெளிய நிக்குது. எதா இருந்தாலும் வூட்ல போய்ப் பேசிக்கலாம்."

வீட்டில் எப்போது நீங்கள் பேசியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் பஸ்ஸின் டயரைப் பார்த்தார். காலையிலிருந்து எதையாவது பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார், என்னைத் தவிர.

ஒரு கேள்வி பாக்கி இருந்தது. கேட்காமல் ஊர் போய்ச் சேர முடியாது.

"வேல சுவேதாவுக்குன்னு ஒங்களுக்கு எப்ப தெரியும்?"

முறுக்கு விற்கிறவன் எங்கள் இருவருக்கும் நடுவில் தட்டை நீட்டினான். ஸ்ரீதர் வேண்டாம் என்று கை அசைத்தார். அவன் அடுத்த ஜன்னலுக்குப் போனான்.

"போன வாரமே" என்றார். அப்புறம், "ஒனக்கு எப்பிடி சொல்றதுன்னு தெரியல."

போன வாரம் ஞாயிற்றுக்கிழமை, வழக்கம்போல் நான் பென் டிரைவைக் கொடுத்தபோது, இதான் கடைசி காப்பி, அடுத்த வாரத்திலிருந்து நான் ஆபீஸ் போகிறவள் என்றேன். அவர் சிரித்து, என் தலையில் லேசாகத் தட்டிவிட்டு, வாங்கிச் சாவியோடு கோத்துக்கொண்டார். தெரிந்துகொண்டே.

மாமாமேல் எனக்குக் கோபம்தான் இருந்தது. இது வேறு. இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

டிரைவர் ஏறி உட்கார்ந்தார். என்ஜின் உறுமியது.

"அப்பா அந்தப் பென் டிரைவக் கேட்டாரு" என்றார் ஸ்ரீதர்.

என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"எங்க வெச்சேன்னு தேடிப் பாக்கறேன்னு சொல்லிட்டு வந்தேன்."

சாவி அவர் பேன்ட் பையில்தான் இருந்தது. பை புடைத்துக்கொண்டு தெரிந்தது. பைக்கை எடுக்காத நாளிலும் அந்தச் சாவியை அவர் விடுவதில்லை.

"தேட வேணாம்ங்க. அது எங்க இருக்குதுன்னு ஒங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அத ஒங்கப்பாகிட்ட குடுத்துட்டீங்கன்னா என்னக் கூப்புட வராதீங்க."

இதை நான் சத்தமாகச் சொல்லவில்லை. முன்சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மாவுக்குக்கூடக் கேட்டிருக்காது. ஆனால் ஸ்ரீதர் அடி வாங்கினவர்போல் நிமிர்ந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக என்னை நேருக்கு நேர் பார்த்தார். பைக்குள் கையை விட்டார். சாவியை எடுத்தார். வளையத்தை நகத்தால் நெம்பி, பென் டிரைவைத் தனியாகக் கழற்றினார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார்.

ஸ்ரீதர் கையை ஜன்னல் கம்பி வரைக்கும் நீட்டினார். விரல் மூடியிருந்தது. நான் கம்பிக்கு வெளியே கையை விட்டேன்.

பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே ஒரு கார் ஹாரன் அடித்தது. விடாமல், நீளமாக. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். பக்கத்து சீட்டிலிருந்து எட்டி அழுத்துகிற சத்தம்.

ஸ்ரீதரின் தலை அந்தப் பக்கம் திரும்பியது. நீட்டிய கை மட்டும் நீட்டியபடியே, மூடியபடியே நின்றது.

பஸ் நகர்ந்துவிட்டது.